கேம் ஆடத் தெரியும்... கேம் செய்யும் வேலைக்குப் போவது எப்படி? ஜூனியர் புரோகிராமர் ஆக நினைப்பவர்களுக்கு முழு விளக்கம்

பஸ், ஹாஸ்டல், டீக்கடை வாசல் என எங்கு பார்த்தாலும் யாரோ ஒருவர் கையில் ஒரு கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடுபவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும்: "இதை நாமளே செஞ்சா என்ன?" ஆசை வந்த வேகத்திலேயே வீட்டிலிருந்து கேள்வியும் வரும்: "அதுல சோறு கிடைக்குமா?"

ஆசையும் நியாயம்தான், கேள்வியும் நியாயம்தான். இந்தத் துறையில் வேலை இருக்கிறது. ஆனால் நுழைவாசல் குறுகலானது. அந்த வாசலில் லட்சக்கணக்கில் பணம் கேட்டு நிற்கும் கோர்ஸ்களும் உண்டு, ஆட்குறைப்புச் செய்திகளும் உண்டு. எனவே பணத்தையும் இரண்டு, மூன்று வருஷங்களையும் போடுவதற்கு முன்பு, இந்த வேலை உண்மையில் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே வரியில் சொல்வதானால், கேம் ஸ்டுடியோக்கள் "என்ன படிச்சீங்க?" என்பதைவிட "எதை முடிச்சீங்க?" என்றுதான் அதிகம் பார்க்கின்றன. அது ஏன் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

கேம் புரோகிராமர் என்றால் யார்?

ஒரு கேமை ஒருவரே முழுவதும் செய்வதில்லை. கதையையும் விதிகளையும் வகுப்பவர் டிசைனர். உருவங்களை வரைபவர் ஆர்ட்டிஸ்ட். அவற்றுக்கு அசைவு கொடுப்பவர் அனிமேட்டர். இவர்கள் செய்து தரும் எல்லாவற்றையும் சேர்த்து, பட்டனை அழுத்தினால் ஹீரோ குதிக்கும்படி இயங்க வைப்பவர்தான் புரோகிராமர்.

புரோகிராமர்களிலும் பல வகை உண்டு. ஹீரோவின் ஓட்டம், குதிப்பு, சண்டை ஆகியவற்றைக் கவனிப்பவர் கேம்ப்ளே புரோகிராமர். மெனு, ஸ்கோர், பட்டன்களைப் பார்ப்பவர் யூஐ புரோகிராமர். பல பேர் ஒரே நேரத்தில் ஆடும் கேம்களில் இன்டர்நெட் இணைப்பைக் கவனிக்க நெட்வொர்க் புரோகிராமர் இருப்பார். ஒளி, நிழல், நீர் போன்றவற்றுக்கு கிராஃபிக்ஸ் புரோகிராமர். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு வேலைகளில் ஒன்றுதான் கிடைக்கும்.

சேர்ந்ததும் என்ன வேலை கொடுப்பார்கள்?

"முதல் நாளே பெரிய பாஸ் ஃபைட் எழுதச் சொல்வாங்க" என்று கற்பனை செய்தால் ஏமாற்றம்தான். ஜூனியருக்கு முதலில் வருவது பெரும்பாலும் 'பக்' எனப்படும் பிழைகளைத் திருத்தும் வேலை.

ஓர் உதாரணம். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் கால் வருகிறது. பேசி முடித்துத் திரும்பி வந்தால் பாட்டு மட்டும் ஓடுகிறது, ஹீரோ அசைய மறுக்கிறார். டெஸ்டிங் டீம் இதை எழுதி அனுப்புகிறது. நீங்கள் முதலில் அதே பிழையை உங்கள் மேஜையில் மறுபடி வரவழைக்க வேண்டும். பத்து முறை செய்தால் இரண்டு முறைதான் வருகிறது என்றால், அந்த இரண்டு முறைக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு திருத்த வேண்டும். திருத்தியதை ஒரு சீனியர் படித்துப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் அது கேமுக்குள் போகும்.

இன்னொருவர் மூன்று வருஷங்களுக்கு முன்பு எழுதிய கோடிங்கைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயே நாளின் பாதி போய்விடும். இந்தப் பொறுமை இருக்கிறதா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். கேம் ஆடுவதில் இருக்கும் ஆர்வம் மட்டும் இதற்குப் போதாது.

16.6 மில்லி செகண்ட்: எல்லாக் கணக்கும் இதற்குள்தான்

சாதாரண ஆப் செய்யும் வேலைக்கும் கேம் செய்யும் வேலைக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

பேங்க் ஆப்பில் ஒரு பட்டனை அழுத்தி அரை நொடி காத்திருந்தால் யாரும் பெரிதாகக் கோபப்பட மாட்டார்கள். கேமில் அரை நொடி தாமதித்தால் ஹீரோ செத்துப்போவார். சினிமா போலவே கேமும் படம் படமாக மாறிக்கொண்டிருக்கும் ஒன்றுதான். அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டும் என்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.6 மில்லி செகண்ட். எதிரிகள் யோசிப்பது, குண்டு பாய்வது, படம் வரைவது என எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் திரை திக்கும். அதைத்தான் ஆடுபவர்கள் 'லேக் அடிக்குது' என்கிறார்கள்.

புதியவர்கள் செய்யும் ஒரு பிரபலமான தவறைப் பாருங்கள். "ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஹீரோவை 5 பிக்சல் நகர்த்து" என்று எழுதிவிடுவார்கள். நல்ல கம்ப்யூட்டரில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும். அதில் ஹீரோ 300 பிக்சல் ஓடுவார். விலை குறைந்த போனில் 30 ஃபிரேம்தான் ஓடுகிறது என்றால் அதே ஹீரோ 150 பிக்சல்தான் ஓடுவார். கேம் ஒன்றுதான், ஆனால் போனின் விலையைப் பொறுத்து ஹீரோவின் வேகம் மாறிவிடுகிறது!

தீர்வு எளிது. 'நொடிக்கு 300 பிக்சல்' என்று வேகத்தை வைத்து, கடந்த ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனதோ அதால் பெருக்க வேண்டும். இந்த நேரத்துக்கு 'டெல்டா டைம்' என்று பெயர். ஜூனியர் இன்டர்வியூக்களில் எதிர்பார்க்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

எந்த இன்ஜின், எந்த மொழி?

படம் வரைவது, ஒலி எழுப்புவது, மோதல் நடந்ததா என்று பார்ப்பது போன்ற பொது வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் மென்பொருளுக்குப் பெயர் கேம் இன்ஜின். இன்று பிரபலமாக இருப்பவை மூன்று.

* யூனிட்டி: சி ஷார்ப் மொழியில் எழுத வேண்டும். மொபைல் கேம்களில் அதிகம் பயன்படுகிறது. உங்கள் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டாத வரை இலவசப் பதிப்பே போதும்.
* அன்ரியல்: சி பிளஸ் பிளஸ் மொழி. கோடிங் எழுதாமல் கட்டங்களை இணைத்தே செய்யும் 'புளூபிரின்ட்' வசதியும் உண்டு. பெரிய பிசி, கன்சோல் கேம்களில் அதிகம் பயன்படுகிறது. ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீதப் பங்கு கட்ட வேண்டும். ஆனால் இதற்கு வலுவான கம்ப்யூட்டர் தேவை.
* கோடோ: முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். பைத்தான் போலவே தோற்றமளிக்கும் ஜிடிஸ்கிரிப்ட் மொழியில் எழுதலாம். பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

"எதை எடுப்பது?" என்று மாதக்கணக்கில் யூட்யூப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. மொபைல் கேம் நிறுவனத்துக்குப் போக நினைத்தால் யூனிட்டி. பெரிய கன்சோல் ஸ்டுடியோ என்றால் அன்ரியலும் சி பிளஸ் பிளஸ்ஸும். லேப்டாப் சுமார்தான் என்றால் கோடோவில் தொடங்குங்கள். ஒன்றை எடுத்து ஒரு வருஷம் அதிலேயே இருங்கள். அடிப்படை புரிந்துவிட்டால் இன்னொன்றுக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமில்லை.

ஆனால் ஒரு இன்ஜினை மட்டுமே நம்பியிருப்பதும் ஆபத்து. 2023 செப்டம்பரில், கேம் இன்ஸ்டால் ஆகும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்கப்போவதாக யூனிட்டி அறிவித்தது. உலகம் முழுக்க கேம் செய்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். 2024 செப்டம்பரில் அந்தத் திட்டத்தை யூனிட்டி கைவிட்டது. இன்ஜின் மாறலாம், விதி மாறலாம். உங்கள் கையில் நிலையாக இருப்பது அடிப்படை அறிவுதான்.

"எனக்கு கணக்கு வராதே..."

கேம் புரோகிராமிங்கில் கணக்கு வேண்டும். ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வந்த வெக்டர், அணிகள், முக்கோணவியல் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் பயன்படும்.

"இதெல்லாம் எதுக்குப் படிக்கிறோம்?" என்று அன்று கேட்டிருப்பீர்கள். பதில் இங்கே இருக்கிறது. ஒரு காவலாளி எதிரி, ஹீரோவைப் பார்த்துவிட்டாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். காவலாளி பார்க்கும் திசை ஒரு வெக்டர். காவலாளியிடமிருந்து ஹீரோ இருக்கும் திசை இன்னொரு வெக்டர். இரண்டுக்கும் புள்ளிப் பெருக்கல் போட்டால், விடை பிளஸ்ஸில் வந்தால் ஹீரோ முன்பக்கம் இருக்கிறார். மைனஸில் வந்தால் முதுகுப் பக்கம். அவ்வளவுதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரம், பூனை நடை போட்டுப் பின்னால் வரும் ஹீரோவைக் காப்பாற்றுகிறது.

எண்களைக் கம்ப்யூட்டர் எப்படி வைத்துக்கொள்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1980-ல் வந்த பேக்மேன் கேமில் லெவல் எண் 8 பிட் இடத்தில் இருந்தது. அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 256-வது லெவலில் கணக்கு புரண்டு, திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் குறியுமாகக் குழம்பிவிடும். அந்த லெவலை முடிக்கவே முடியாது. அவ்வளவு தூரம் யாராவது ஆடுவார்கள் என்று எதிர்பார்க்காததன் விளைவு அது.

டிகிரி கட்டாயமா? கோர்ஸில் சேரலாமா?

பெரிய நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி அல்லது அதற்கு இணையான அனுபவம் என்று கேட்பது வழக்கம். பிஇ, பிஎஸ்சி, பிசிஏ எதுவாக இருந்தாலும் கையில் ஒரு டிகிரி இருப்பது நல்லதுதான். கேம் வேலை அமையாவிட்டால் ஐடி பக்கம் போக அது கதவைத் திறந்து வைக்கும். சிறிய ஸ்டுடியோக்களில் டிகிரியைவிட உங்கள் வேலை மாதிரிக்கு மதிப்பு அதிகம்.

பிரச்சினை, 'கேம் டெவலப்மென்ட்' என்ற பெயரில் லட்சங்களில் கட்டணம் வாங்கும் கோர்ஸ்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

* இங்கே படித்தவர்கள் செய்த கேம்கள் எங்கே? நான் டவுன்லோடு செய்து ஆடிப் பார்க்க முடியுமா?
* போன வருஷம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேரிடம் நான் நேரில் பேசலாமா?
* பாடம் நடத்துபவர் எந்த கேமில் வேலை பார்த்திருக்கிறார்? அந்த கேமின் கிரெடிட்ஸில் அவர் பெயர் வருகிறதா?
* "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்றால், கேம் ஸ்டுடியோவில் புரோகிராமர் வேலையா, அல்லது வேறு ஏதாவது ஒரு வேலையா?
* பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? அது எழுத்தில் இருக்கிறதா?

பதில் சொல்லத் தயங்கினால் யோசிக்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டப்போகும் குடும்பம் என்றால் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். யூனிட்டி, அன்ரியல், கோடோ மூன்றுக்குமே அவற்றைச் செய்தவர்களே தரும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. மூன்று மாதம் அவற்றில் முயன்று பார்த்து, ஒரு குட்டி கேமாவது செய்த பிறகு கோர்ஸ் தேவையா என்று முடிவெடுங்கள்.

எதை முடிச்சீங்க?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். புதிதாகக் கற்பவர்களின் லேப்டாப்பைத் திறந்தால் பாதியில் நிற்கும் ஐந்து கேம்கள் இருக்கும். எல்லாமே ஜிடிஏ அளவுக்குத் திட்டமிட்டவை. 'விரலுக்கேத்த வீக்கம்' என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பாதி கேமில் வேடிக்கையான பகுதி மட்டும்தான் இருக்கும். முழு கேமில் மெனு வேண்டும், சத்தத்தைக் குறைக்க வழி வேண்டும், ஸ்கோர் சேமிக்கப்பட வேண்டும், தோற்றால் மறுபடி தொடங்க வேண்டும், வேறொருவர் போனிலும் ஓட வேண்டும். இந்த சலிப்பான வேலைகளையும் செய்து முடித்தவரா என்பதைத்தான் ஸ்டுடியோ பார்க்கிறது. ஏனென்றால் வேலையில் சேர்ந்த பிறகு உங்களுக்கு வரப்போவதும் அதுதான்.

வியட்நாமைச் சேர்ந்த டாங் குயென் என்ற ஒருவர் செய்த 'ஃபிளாப்பி பேர்ட்' நினைவிருக்கிறதா? 2013-ல் வந்தது. திரையைத் தட்டினால் பறவை மேலே போகும், அவ்வளவுதான். அது உலகையே ஆட்டிப் படைத்தது. நீங்கள் அப்படி ஹிட் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அளவு சிறியதாக, முழுமையாக, மூன்று கேம்கள் உங்களிடம் இருந்தால் போதும்.

நமக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம் 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி, புட்டு, பிரியாணி வழியாகச் சொல்லும் கேம். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. 2023-ல் வெளியாகி, 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடலாம். அளவு சிறியது, ஆனால் எடுத்துக்கொண்டதை முழுசாகச் சொல்லி முடித்தது.

முடித்த கேம்களை எங்கே வைப்பது? இட்ச் ஐஓ தளத்தில் இலவசமாக ஏற்றலாம். பிரவுசரிலேயே ஓடும்படி வைத்தால் இன்னும் நல்லது. ரெஸ்யூம் பார்ப்பவர் டவுன்லோடு செய்ய மெனக்கெட மாட்டார், லிங்கைத் தட்டியதும் கேம் ஓட வேண்டும். கூகுள் பிளேயில் போட ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர்.

கோடிங்கை கிட்ஹப்பில் வையுங்கள். ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டாமல், செய்யச் செய்ய ஏற்றுங்கள். யூனிட்டி பயன்படுத்தினால் 'லைப்ரரி' ஃபோல்டரை ஏற்றக் கூடாது. அது ஜிபி கணக்கில் இருக்கும், யூனிட்டியே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். இந்தச் சின்ன விஷயத்தைப் பார்த்தே "இவர் டீமோடு வேலை பார்க்கப் பழகியவர்" என்று சீனியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேம் ஜாம்: இரண்டு நாளில் ஒரு கேம்

தனியாக முடிக்க முடியவில்லை என்றால் கேம் ஜாமில் கலந்துகொள்ளுங்கள். ஒரு தலைப்பு தருவார்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் கேம் செய்ய வேண்டும். 48 மணி நேரம் என்பது பிரபலமான கணக்கு. குளோபல் கேம் ஜாம் 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. லூடம் டேர் 2002 முதல் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து, தூக்கம் கெட்டு, "இதை விட்டுடலாம், இதை மட்டும் வெச்சுக்கலாம்" என்று முடிவெடுக்கும் பழக்கம் அங்கேதான் வரும். வேலைக்கு ஆள் தேடுபவர்களின் அறிமுகமும் கிடைக்கும்.

வேலை எங்கே இருக்கிறது?

இந்தியாவில் கேம் ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் பெங்களூரு, புனே, ஹைதராபாத், மும்பை பக்கம்தான். ராக்ஸ்டார் பெங்களூருவில் இருக்கிறது, யூபிசாஃப்ட் புனேயிலும் மும்பையிலும், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்தில். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட 'ராஜி' உலக அளவில் கவனம் பெற்றது. எனவே சென்னை, கோவையில் மட்டும் தேடாமல் ஊர் மாறவும் தயாராக இருந்தால் வாய்ப்பு கூடும்.

இரண்டு எச்சரிக்கைகளை நினைவில் வையுங்கள்.

ஒன்று, பணம் வைத்து ஆடும் கேம்கள். ஆன்லைன் ரம்மி, பேன்டசி கிரிக்கெட் போன்ற நிறுவனங்கள் நிறைய புரோகிராமர்களை வேலைக்கு வைத்திருந்தன. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்தது. இந்தச் சேவையை நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸுக்கும் சாதாரண கேம்களுக்கும் அந்தத் தடை இல்லை. ஆகவே வேலைக்குச் சேரும் முன், அந்த நிறுவனத்துக்கு எதிலிருந்து வருமானம் வருகிறது என்று பாருங்கள்.

இரண்டு, ஆட்குறைப்பு. கொரோனா காலத்தில் வேகமாக வளர்ந்த இந்தத் துறை, பிறகு அதே வேகத்தில் ஆட்களைக் குறைத்தது. 2023 செப்டம்பரில் எபிக் கேம்ஸ் சுமார் 830 பேரை அனுப்பியது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரையும், பிப்ரவரியில் சோனி பிளேஸ்டேஷன் சுமார் 900 பேரையும் குறைத்தன. இதனால் ஜூனியர் வேலைக்கு அனுபவசாலிகளும் போட்டியிடும் நிலை வந்தது. வேலை கிடைக்க நாளானால் அது உங்கள் திறமைக் குறைவு மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்டர்வியூ, ஆஃபர் லெட்டர்: என்ன கவனிக்கணும்?

இன்டர்வியூவில் உங்கள் கேமையே ஓடவிட்டுக் கேள்வி கேட்பார்கள். "நூறு குண்டு பாயும்போது ஏன் திக்குது?" என்பது போல. ஒவ்வொரு குண்டையும் புதிதாக உருவாக்கி அழிக்காமல், முன்பே செய்து வைத்த குண்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சொல்லத் தெரிந்தால், கேட்டவர் முகம் மலரும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று விளக்கினாலே பாதி கிணறு தாண்டிய மாதிரி.

"ஏஐ-கிட்ட கோடிங் வாங்கிக்கலாமே?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். வாங்கலாம். ஆனால் அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஆஃபர் கையில் வந்ததும் சந்தோஷத்தில் கையெழுத்து போட்டுவிடாதீர்கள். பாண்ட் இருக்கிறதா, எத்தனை வருஷம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னால் ஜெராக்ஸ் மட்டும் தருவதாகச் சொல்லுங்கள். 'டெஸ்ட்' என்ற பெயரில் இரண்டு, மூன்று வாரம் சம்பளம் இல்லாமல் அவர்களுடைய கேமுக்கே வேலை வாங்கினால் அது டெஸ்ட் இல்லை. கேம் வெளியாகும் சமயத்தில் ராத்திரி பகலாக வேலை பார்ப்பதற்கு இந்தத் துறையில் 'கிரன்ச்' என்று பெயர். அது எவ்வளவு நாள் நீடிக்கும், கூடுதல் சம்பளமோ விடுமுறையோ உண்டா என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இன்றே தொடங்க நினைத்தால்: ஆறு மாதத் திட்டம்

* முதல் இரண்டு மாதம்: ஒரு மொழி, ஒரு இன்ஜின். கற்றதை வைத்து 'பாங்' போல பந்தை அடிக்கும் ஒரு கேம்.
* மூன்றாவது மாதம்: மெனு, ஸ்கோர், சத்தம் எல்லாம் சேர்த்து அதை முழுமையாக முடித்து இட்ச் ஐஓவில் ஏற்றுவது. நண்பர்கள் ஐந்து பேரை ஆட வைத்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் இருந்து பார்ப்பது.
* நான்காவது மாதம்: ஒரு கேம் ஜாம்.
* ஐந்தாவது மாதம்: விலை குறைந்த போனில் திக்காமல் ஓடும் ஒரு மொபைல் கேம்.
* ஆறாவது மாதம்: ஒரு பக்க ரெஸ்யூம், மேலே மூன்று கேம்களின் லிங்க். விண்ணப்பிக்கத் தொடங்குவது. இன்டர்ன்ஷிப், டெஸ்டர் வேலைகளையும் விட வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று தோன்றினாலும் நஷ்டம் பெரிதில்லை. சி ஷார்ப்பும், கிட்ஹப்பும், பிழை தேடும் பழக்கமும் எந்த சாஃப்ட்வேர் வேலைக்கும் கை கொடுக்கும். கோர்ஸுக்குக் கட்டியிருக்க வேண்டிய பணமும் வீட்டில் பத்திரமாக இருக்கும்.